கடைமடைக்கு ஏறாத தண்ணீர்

"கண்ணாடிக்குத் தண்ணியே ஏற மாட்டேங்கு தம்பி. மோட்டார் போயிட்டு போல."

பத்தமடையில் கார் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குப் பிசான அறுவடைக் காலத்தில் இந்தப் புகார் வாடிக்கை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியெங்கும் வயல். முன்னால் வைக்கோல் லாரி போனால் தூசி, பொழுது சாய்ந்தால் பூச்சி. தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போட்டால் அத்தனையும் கண்ணாடியில் பால்போல் அப்பிக்கொள்ளும். அந்த நேரம் எதிரே பஸ் வெளிச்சம் பட்டால் ரோடே மறைந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று வினாடி கண் மறைத்தால் 50 மீட்டர். அதனால் இதை அவர் சில்லறை வேலையாக நினைத்ததே இல்லை.

ஸ்பானரைத் தொடுமுன் காதைக் கொடுப்பார். லீவரை இழுக்கச் சொல்வார். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், வயர், அதன் பிறகே மோட்டார். கிர்ரென்று கேட்டால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது.

"மோட்டார் ஓடுது அண்ணாச்சி. தண்ணிதான் வழியில நிக்கு."

ஊர்ப் பெயரிலேயே மடை இருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்கள், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றதும் அணையைக் குறை சொல்லமாட்டார்கள். கரையோரமாக நடந்து பார்ப்பார்கள். அவரும் நாசிலிலிருந்து பின்னோக்கி நடக்கிறார். ஒரு பக்கம் மட்டும் பலமில்லையா? கோளாறு தண்ணீர் பிரியும் டி-ஜாயின்டுக்கு அப்பால். இரண்டு பக்கமுமா? பெரும்பாலும் அதற்கு முன்னால். பானட்டைத் தூக்கி, நாசிலில் செருகிய டியூபைக் கழற்றி லீவரை இழுக்கச் சொல்வார். டியூபிலிருந்து பீய்ச்சியடித்தால் அடைப்பு நாசிலில். அங்கேயும் சொட்டுகிறதென்றால், பானட் கீல் பக்கம் மடங்கி வெடித்த இடத்தையோ எலி கடித்த இடத்தையோ விரலால் தடவித் தேட வேண்டும். வெடித்த டியூபில் டேப் சுற்றினால் நிலைக்காது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து ஜாயின்ட் போட்டால்தான் நிற்கும். லீவரை இழுத்துச் சற்று நேரம் கழித்தே தண்ணீர் வருகிற கார்களில், தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் சின்ன வால்வு பழுதாகியிருக்கும்.

நாசில் அடைப்புக்கு அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்பதுதான். போர் தண்ணீரின் உப்பு, எஞ்சின் சூட்டில் காய்ந்து காய்ந்து துவாரத்தில் சுண்ணாம்பாகப் படிகிறது. கழற்றி வெதுவெதுப்பான வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். மெல்லிய ஊசியை வெளியிலிருந்து லேசாக விட்டு, டியூப் பக்கமாகவே அழுக்கைத் தள்ளிக் கழுவ வேண்டும். விசிறிபோல் விரித்தடிக்கும் நாசிலில் மட்டும் ஊசி கூடாது. விரிப்பது உள்ளே இருக்கும் நுண்ணிய வழித்தடம். அது கீறினால் விசிறி கலைந்துவிடும்.

டேங்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பாய்க்கான கோரையைப் பிளந்து தாமிரபரணியின் ஓடும் தண்ணீரில் ஊறப்போடும் ஊர் இது. தேங்கிய தண்ணீர் என்ன ஆகும் என்று இங்கே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மோட்டாரை டேங்கிலிருந்து உருவினால் வாய்ப்பக்கத்து வலையில் பச்சைப் பாசி வழுவழுவென்று வரும். இங்கிலாந்து, வேல்ஸ் ஓட்டுநர்களைப் பற்றி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வைப்பர் டேங்கில் கண்ணாடி கழுவும் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதற்கும் லீஜியனேர்ஸ் எனும் நிமோனியாவுக்கும் தொடர்பு கண்டது. பாசி பிடித்த டேங்கைக் கழுவாமல் அவர் காரைத் திருப்பித் தருவதில்லை. சோப்புத்தூள் போடாதீர்கள் என்றும் கெஞ்சுவார். அதன் படிவும் அதே வலையில்தான் உட்காரும். தண்ணீரில்லாமல் லீவரை இழுத்துக்கொண்டே இருப்பவர்களிடம் மட்டும் குரல் உயரும்: அந்த மோட்டாருக்கு எண்ணெயும் தண்ணீர்தான், குளிர்ச்சியும் தண்ணீர்தான்.

கடைசி வேலை குறி வைப்பது. உருண்டை நாசிலின் துவாரத்தில் குண்டூசியை விட்டுத் திருப்பினால் தாரை மேலும் கீழும் நகரும். நிற்கும் காரில் கண்ணாடியின் நடுவில் விழும் தண்ணீர், ஓடும்போது காற்று அழுத்திக் கீழே இறங்கிவிடும். அதனால் கொஞ்சம் மேலே தூக்கி வைப்பார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு சேரன்மகாதேவி பக்கமாக ஓட்டிப்போய், வேகமெடுத்ததும் லீவரை இழுப்பார். திரும்பி வரும்போது கண்ணாடியில் பாதிக்குமேல் நனைந்திருந்தால் கார் உரிமையாளரிடம் போகும். இல்லையென்றால் பானட் மறுபடி திறக்கும்.