தலைக்கு மேலே போகும் கார்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்ப்பது இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய புனித தோமா தேவாலயம். நானும் பார்த்தேன். ஆனால் என்னை வாய் பிளக்க வைத்தது ஊருக்கு வடக்கே இருக்கும் பி.எம்.டபிள்யூ ஆலை.

உள்ளே போனதும் அலுவலகம். படிப்படியாக ஏறும் தளங்கள், வரிசையாக மேசைகள், கம்ப்யூட்டர் முன்னால் ஆட்கள். நிமிர்ந்தால், அவர்கள் தலைக்கு மேலே நீல வெளிச்சத்தில் கார்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன! சக்கரமோ இருக்கையோ இல்லாத வெறும் கூடுகள். ஒன்று உலோக நிறத்திலேயே பெயின்ட் ஷாப்பை நோக்கிப் போனது. இன்னொன்று சிவப்புப் பளபளப்போடு அங்கிருந்து வந்தது. பாடி ஷாப், பெயின்ட் ஷாப், அசெம்பிளி மூன்றையும் இணைக்கும் இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் பாக்தாத்தில் பிறந்த சாஹா ஹதீத். 2005-இல் ஆலை ஓடத் தொடங்கியது. கணக்கெழுதுகிறவரும் கார் செய்கிறவரும் ஒரே கூரையின் கீழ், ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் படும்படி. எவ்வளவு நல்ல யோசனை!

அசெம்பிளி லைன் இன்னும் பெரிய ஆச்சரியம். ஒரு வண்டிக்கு எஞ்சினும் புகைக்குழாயும் ஏறுகின்றன. அதே லைனில் வரும் வேறொரு வண்டிக்குப் பெரிய பேட்டரி. பி.எம்.டபிள்யூவும் மினியும் கலந்தே வருகின்றன. அடுத்த வருஷம் மக்கள் பெட்ரோல் கார் கேட்பார்களா, மின்கார் கேட்பார்களா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எது கேட்டாலும் கொடுக்கிற மாதிரி லைனை அமைத்துவிட்டார்கள்.

கட்டடமும் அப்படித்தான். அசெம்பிளி கூடத்திலிருந்து கைவிரல்கள் மாதிரி பிரிவுகள் வெளியே நீள்கின்றன. நாளைக்குப் புதிய மாடலுக்குக் கூடுதல் வேலையிடம் வேண்டுமென்றால், லைனை நிறுத்தாமலே விரலின் நுனியை நீட்டிக்கொள்ளலாம்.

ஓர் ஆலைக்குள் இவ்வளவு என்றால், பல ஆலைகளைச் சேர்த்து யோசிப்பது அதைவிடச் சுவையானது. பத்து ஆலை, பத்து மாடல். ஆலைக்கு ஒரு மாடல் என்று கட்டிப்போட்டால், ஒரு மாடல் விற்காதபோது அங்கே ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இன்னோர் இடத்தில் ஆர்டர் குவிந்து, வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். எல்லா ஆலையிலும் எல்லா மாடலும் என்றால் செலவு தாங்காது. 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸின் வில்லியம் ஜோர்டனும் எம்.ஐ.டி.யின் ஸ்டீபன் கிரேவ்ஸும் ஒரு வழி சொன்னார்கள். ஆலைக்கு இரண்டு மாடல் போதும். முதல் ஆலைக்கு 1, 2. அடுத்ததற்கு 2, 3. கடைசி ஆலைக்கு 10, 1. ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போவதுபோல், ஒரு மாடலுக்கு வரும் மிகுதி ஆர்டர் சங்கிலி வழியே இடமிருக்கும் ஆலைக்குப் போய்ச் சேரும். அவர்கள் போட்ட கணக்கில், 1,000 கார் செய்யும் திறனுக்கு, தனித்தனி ஆலைகளானால் விற்பனை சராசரியாக 853. எல்லாரும் எல்லாம் செய்தால் 954. சங்கிலியில் 950! நூறு இணைப்புகள் செய்யும் வேலையை இருபது இணைப்புகள் ஏறக்குறைய முழுதாகச் செய்துவிடுகின்றன.

லைப்சிக்கும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு பிணைப்பில் சேர்ந்ததுதான். பி.எம்.டபிள்யூவின் அப்போதைய 3 சீரீஸ் கார் மியூனிக், ரீகன்ஸ்பர்க், லைப்சிக் மூன்றிலும் உருவானது. 1 சீரீஸ் ரீகன்ஸ்பர்க்கிலும் லைப்சிக்கிலும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மனிதர்களின் நேரம். இந்த ஆலைக்கென்று வகுத்த ஏற்பாட்டின்படி, தேவைக்கேற்ப வாரத்துக்கு 60 முதல் 140 மணி நேரம் வரை அதை ஓட்டலாம். ஆர்டர் அதிகமாக வரும்போது கூடுதலாக உழைத்த மணிகள் தொழிலாளியின் கணக்கில் சேரும். ஆர்டர் குறையும்போது சம்பளம் குறையாமல் அதை விடுப்பாக எடுக்கலாம். ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிற தோளுக்குக் கூலியும் ஓய்வும் உண்டு என்று எழுதிவைத்திருப்பதை, அந்த நீல வெளிச்சத்தைவிட அழகாக நினைக்கிறேன்.

ஆலையின் கூடங்களும் இப்படிக் காலத்துக்கேற்ப வளைந்துகொடுக்கின்றன. கார்பன் இழை உடம்போடு 2013-இல் இங்கே தொடங்கிய ஐ3 மின்கார், சுமார் 2.5 லட்சம் வண்டிகளோடு 2022-இல் நின்றுபோனது. ஐ3 உருவான கூடத்தில் இப்போது மற்ற மின்கார்களுக்கான பேட்டரி வேலை நடக்கிறது.