பனி தூக்கிப் போன கற்கள்



பனி என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகும்போது முகத்தில் படுகிற ஈரம். அதை விட்டால், கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்து விற்ற ஐஸ்கட்டி. அந்தப் பனி மலையைச் செதுக்கும், பாறையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போகும் என்று பல வருடங்களாக வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். உண்மையைச் சொல்வதானால், பயிற்சிக் கல்லூரியில் படித்ததை ஒப்பித்தேனே தவிர, எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. ஏல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

என் தங்கை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் தாதியாக வேலை செய்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் விடுமுறையில் அவள் டிக்கெட் எடுத்து அனுப்ப, நான் போனேன். கிர்வன் என்ற மீன்பிடி ஊரில் நின்று கடலைப் பார்த்தால், 16 கிலோமீட்டருக்கு அப்பால் குடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் அந்தத் தீவு தெரியும். உயரம் 338 மீட்டர். பரப்பளவோ சுமார் 245 ஏக்கர்தான். நம் தோட்டங்களில் ஒரு டிவிஷனுக்குக்கூடக் காணாது. மனிதர் குடியிருப்பு இல்லை. 1886-இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் ஒன்றும், ஆயிரக்கணக்கான கடற்பறவைகளும் இருக்கின்றன. படகில் நெருங்க நெருங்க அவற்றின் இரைச்சல் காதைத் துளைத்தது. வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எழும்பிய நெருப்புக் குழம்பு இறுகிப் பாறையானது. சுற்றியிருந்த மென்மையான பாறைகள் தேய்ந்து போக, இந்தக் கெட்டிப் பாறை மட்டும் நின்றது. பிறகு வந்தன பனிக்காலங்கள். கடைசியாக வந்ததன் உச்சம் இருபதாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்பு. ஸ்காட்லாந்து மலைகளில் பெய்த பனி கோடையிலும் கரையாமல் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, அதன் பாரத்தாலேயே இறுகி, பெரும்பனியாகித் தெற்கே நகரத் தொடங்கியது. வெல்லப்பாகு தட்டில் நகருமே, அந்த நகர்வுதான்; இன்னும் மெதுவாக. இன்று கடலாகக் கிடக்கும் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள பள்ளம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டு போயிற்று. வழியில் நின்ற நம் தீவு அதற்கு ஒரு தடையே அல்ல. பாறையை உரசியது, பெயர்த்தது, பெயர்ந்த துண்டுகளை வயிற்றில் செருகிக்கொண்டு நடந்தது.

அவ்வளவு நீரும் உலகெங்கும் பனியாய் நின்றுவிட்டதால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்தது. நம் மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அப்போது தரை. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் நம் தீபகற்பத்தோடு ஒரே நிலமாகக் கிடந்தன. பனியே காணாத நம் ஊரையும் அந்தப் பனி விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

சரி, கல் போன கதைக்கு வருவோம். ஏல்சா கல் பொடி மணிகளாலான சாம்பல் நிறக் கருங்கல் வகை. அதில் ரீபெக்கைட் என்ற நீலம் பாய்ந்த கனிமம் கலந்திருக்கிறது. அதனால் எங்கே கிடந்தாலும் எளிதில் அடையாளம் காணலாம். மேன் தீவில் அந்தக் கல் கிடைக்கிறது. அயர்லாந்தின் டப்ளின் பக்கத்துக் கடற்கரைகளில் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையிலும் கிடைக்கிறது. அது ஏறக்குறைய 380 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் பாருவுக்குப் போவதைவிடத் தூரம். இப்படி அநாதையாகக் கிடந்த அந்நியக் கற்களையெல்லாம் நோவா காலத்து வெள்ளம் அடித்து வந்ததாக ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். 1840-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்த்து, இங்கும் பெரும்பனி இருந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எண்ணம் மாறத் தொடங்கியது. இன்று ஏல்சா கல் கிடக்கும் இடங்களைக் கோடிழுத்தால் பனி போன பாதையே கிடைத்துவிடுகிறது.

மூன்று தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாளக் கார்டுக்கு அலைகிற பெற்றோருடன் நானும் எத்தனையோ நாள் வரிசையில் நின்றிருக்கிறேன். எந்தக் கரையில் கிடந்தாலும் எந்தத் தாளும் இல்லாமல் தன் ஊரைச் சொல்லிவிடுகிற அந்தக் கல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பனி உருகிய பிறகு இன்னொரு வேடிக்கை நடந்தது. பாரம் இறங்கியதும் தரையே மெல்ல எழும்பியது. காண்டா கம்பிலிருந்து பால் வாளிகளைக் கழற்றியதும் வளைந்த கம்பு நிமிர்கிறதே, அப்படித்தான். கிர்வன் வட்டாரத்தில் பழைய கடற்கரைகள் இன்றைய அலை எட்டாத உயரத்தில் படிக்கட்டுபோல் நிற்கின்றன. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் தங்கை கட்டித் தந்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டோம்.

அந்தத் தீவுக்கு ‘அயர்லாந்துக்காரனின் மைல்கல்’ என்று பொருள்படும் பட்டப்பெயரும் உண்டு. பெல்பாஸ்டிலிருந்து கிளாஸ்கோவுக்குக் கூலி வேலை தேடிக் கப்பலேறிய அயர்லாந்து ஏழைகளுக்குப் பாதி வழி வந்தாயிற்று என்று காட்டிய பாறை அது. படகுக்காரர் இதைச் சொன்னபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அவர், பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு தெரிந்த காலைப்பொழுதைப் பற்றிச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அதே கல்லுக்கு இன்றும் பனியோடுதான் பிழைப்பு. உறைந்த தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் ‘கர்லிங்’ என்ற ஆட்டத்துக்கு, குளிர்கால ஒலிம்பிக் உட்பட, இந்தத் தீவின் கல்லைத்தான் தேடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ. தண்ணீரை உறிஞ்சாத கல் என்பதால், உறைந்தும் உருகியும் வெடிக்காது. இப்போது அங்கே வெடி வைக்க அனுமதியில்லை; பறவைகளுக்காக. உதிர்ந்து கிடப்பதைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளிப் போகிறார்கள்.

கிர்வன் கரையில் நான் பொறுக்கிய ஒரு கல் இப்போது என் வகுப்பு மேசையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். காய்ந்திருந்தால் வெறும் சாம்பல் நிறம். ஒரு மாணவி குழாயடியில் நனைத்துக் காட்டினாள், நீலப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. பிள்ளைகள் கை மாற்றி கை மாற்றிப் பார்த்தார்கள். பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ஐயா, பனியெல்லாம் உருகிப் போச்சே, இனி இந்தக் கல்லை யாரு திரும்பக் கொண்டுபோய் விடுவா?” என்று கேட்டான்.

பசியாற மணி அடித்துவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.