ஒரே வாய்க்காலில் இருவர்

ஆங்கிலத்தின் 'சாலரி'க்குள் உப்பு இருக்கிறது என்று மேடையில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். லத்தீனில் உப்புக்கு 'சால்', அதிலிருந்து 'சலாரியம்'. அதுவரை சரி. ரோமானியப் படைவீரனுக்கு மாதாமாதம் உப்பையே அளந்து போட்டார்கள் என்பதற்குத்தான் பழைய சான்று எதுவும் இல்லை. சம்பளத்தைச் சம்பா என்றும் அளம் என்றும் பிரித்து அதற்குள்ளும் உப்பெடுப்பவர்கள் நம்மிடம் உண்டு என்பதால் இந்தக் கதை இங்கே நன்றாகவே விலைபோகிறது.

எனக்குப் பிடித்தது கொஞ்சம் ஈரமான சொல்: 'ரைவல்'. லத்தீனில் 'ரீவஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். 'ரீவாலிஸ்' என்பவன் அந்த வாய்க்காலில் இன்னொருவனோடு சேர்ந்து தண்ணீர் எடுப்பவன். பேரரசர் ஜஸ்டினியன் ஆணைப்படி 533-இல் வெளிவந்த 'டைஜெஸ்ட்' என்ற சட்டத் தொகுப்பில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் 3-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் உல்பியன், தண்ணீர்த் தகராறைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லுக்கு இதே விளக்கத்தைத் தருகிறார்.

தகராறு வராமல் இருக்குமா? இன்றைய அல்ஜீரியாவில், அன்றைய லமாஸ்பாவில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, எந்த உழவருக்கு எந்த நேரம் தொடங்கி எந்த நேரம்வரை தண்ணீர் என்று பெயர்பெயராகச் சொல்கிறது. எலகபாலஸ் பேரரசர் காலம், கி.பி. 218–222. முறைத்தண்ணீர் பாய்ச்சிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேல்மடைக்காரர் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டால், கீழ்மடைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நிற்பார். முன்பின் தெரியாதவனோடு யாரும் இப்படி மல்லுக்கு நிற்பதில்லை. பங்குக்கு உரியவன் என்ற நல்ல பொருளில் பிறந்த 'பங்காளி'க்கு நாம் காய்ச்சலைச் சேர்த்துவிட்டோமே, அதே கணக்குத்தான்.

ஆனால் சொற்களின் வரலாறு நாம் நினைக்கிற வரிசையில் நடப்பதில்லை. வாய்க்கால் பொருளைச் சட்ட நூலில் உல்பியன் எழுதுவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பெண்ணை விரும்பும் இருவர் என்ற பொருளில் நாடகாசிரியர் பிளாட்டஸ் இந்தச் சொல்லைக் கையாண்டுவிட்டார். கி.மு. 200-இல் மேடையேறிய 'ஸ்டிக்கஸ்' நாடகத்தில் இரண்டு அடிமைகளுக்கு ஒரே காதலி. அடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், ஒரே கிண்ணத்தில் குடித்துக் கூத்தடிக்கிறார்கள். போட்டியாளர்கள் இருவர் இப்படி ஒட்டி உறவாடுவது அதிசயம்தான் என்று அவர்களே சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை.

ஆங்கிலத்துக்கு வந்தபிறகும் பழைய ஈரம் உடனே காயவில்லை. 'ஹாம்லெட்' நாடகத்தின் தொடக்கத்தில் காவலன் பெர்னார்டோ, தன்னோடு சேர்ந்து காவல் காக்க வருகிறவர்களை 'ரைவல்' என்றே குறிப்பிடுகிறான். 1603-இல் வந்த முதல் அச்சில் அந்த இடத்தில் 'பார்ட்னர்' என்று இருக்கிறது. அடுத்த அச்சில்தான் 'ரைவல்'. இன்றைக்குப் படிக்கிற மாணவன், காவலுக்கு வருவது எதிரிகளா என்று குழம்பினால் அவன்மேல் பிழையில்லை.

'டெரைவ்' என்ற சொல்லும் இதே வாய்க்காலிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டதுதான். ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிடுவது அதன் முதற்பொருள். சொல்லின் மூலம் தேடுகிறவர்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது.

இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் 'ரிவர்' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'ரீப்பா', அதாவது கரை என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காவிரி வழக்கில் வக்கீல்கள் சொல்லிச்சொல்லி நம் காதுக்குப் பழகிப்போன 'ரைபேரியன்' மாநிலங்களும் கரையின் பிள்ளைகளே. படகு கரை சேர்வதைக் குறித்த 'அரைவ்' என்ற சொல்லும் அப்படித்தான். ஆகவே 'அரைவல்' என்று எழுதி முன்னெழுத்துகளை வெட்டினால் 'ரைவல்' கிடைக்கிறது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒன்று கரையில் பிறந்தது, மற்றது வாய்க்காலில்.