அத்தாவின் என்ஜின்



மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கும் மோட்டார் காருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். என் அத்தா அண்ணாகிராமம் வட்டாரத்தில் ஒரு வணிகரிடம் கார் ஓட்டியவர். நான் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். கையொப்பமிட்டவர் அத்தா. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எங்கள் மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போர்த்திய என்ஜின் ஒன்று கிடந்தது. முதலாளி காரை உடைக்கக் கொடுத்தபோது, சம்பளப் பாக்கிக்கு ஈடாக அத்தா கேட்டு வாங்கியது. 2011 டிசம்பரில் வீசிய தானே புயல் கூரையைக் கொண்டுபோயிற்று. மழைநீர் இறங்கி என்ஜின் இறுகிவிட்டது. சென்ற ஆண்டு பழைய இரும்புக்காரர் எடைபோட வந்தபோது, எண்பதைக் கடந்த அத்தா, "அது என் ஹெரால்டு. விற்காதே, தம்பி" என்றார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் 1960களில் தயாரான கார். அதன் முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். முன்சக்கரத்தின் மீது அமர்ந்தே பழுது பார்க்கலாம்.

பண்ருட்டி மெக்கானிக்கோ, "இது மோரிஸ் மைனர்" என்றார். டீசலும் ஆயிலும் ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்து இளக்கினோம். மேல்பகுதியைக் கழற்றி அளந்தோம். சிலிண்டரின் குறுக்களவு ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 76. நான்கு சிலிண்டருக்கும் கணக்கிட்டால் 948 சி.சி. ஹெரால்டின் அளவு அதுவே. ஆனால் மோரிஸ் மைனரிலும் 948 சி.சி. என்ஜின் வந்ததுண்டு!

வழக்கைத் தீர்த்தது பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப். மைனரில் அது மின்சாரத்தால் இயங்குவது. என்ஜினை விட்டுத் தனியே இருப்பது. இங்கோ என்ஜினின் பக்கவாட்டிலேயே, கையால் அசைக்கும் சிறு நெம்புகோலுடன் பொருந்தியிருந்தது. "எத்தனை விடியற்காலையில் இதை அசைத்திருப்பேன்!" என்று அதைத் தடவினார் அத்தா. மெக்கானிக் தலையசைத்து ஒப்புக்கொண்டார்.

தேய்ந்த சிலிண்டர்களை லேத்துப் பட்டறையில் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்கள் போட்டோம். வால்வுகளைத் தேய்த்துச் சரிசெய்தோம். மரச்சட்டத்தில் ஏற்றியபின், மெக்கானிக் இல்லாத வேளையில் நானே பிளக் வயர்களை வரிசையாக மாட்டினேன். என்ஜின் இருமியதேயன்றி ஓடவில்லை.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு."

எரியும் முறை அதுதான். மாற்றி மாட்டினேன், என்ஜின் சீராக ஓடியது.

அன்றிரவு அந்த விண்ணப்பத்தைப் பற்றி அத்தாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விவசாயமும் நல்ல தொழில்தானே" என்று சிரித்தார்.

நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் சொல்பவன் நான். என் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பாடத்தைப் படிக்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. வாசகர்களே! உங்கள் தந்தையின் கைகள் என்ன வேலை அறிந்தவை என்று, அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.