மறுத்தவர்கள் பட்டியல்

நான் மகப்பேறு மருத்துவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் கள ஆய்வு ஒன்றுக்கு, வட மாவட்ட மானாவாரிக் கிராமங்களில், சில ஆண்டுகள் பொறுப்பாக இருந்தேன். அந்த ஆய்வின் பதிவேட்டில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவள் நான். எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இந்த நோய் திடீரென்று வருவதில்லை. எச்.பி.வி. வைரஸ் தொற்று உடம்பைவிட்டு நீங்காமல் தங்கி, செல்களை மாற்றி, அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஆய்வகம் இல்லாத ஊரிலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டு. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மாறிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த இடத்தைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் மூன்று நிமிடம் உறையவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் இடைவெளி. மறுபடி மூன்று நிமிடம். மயக்க மருந்து தேவையில்லை. பெண் நடந்தே வீடு திரும்பலாம்.

இந்த எளிய பரிசோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். அங்கே 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காக 30,958 பெண்களைப் பரிசோதிக்காமல் வழக்கமான மருத்துவத்துக்கே விட்டிருந்தார்கள். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் அப்படி விட்டது நியாயமா என்று பின்னால் பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் நான் உரக்கப் பேசியவள். எங்கள் திட்டத்தில் ஒப்பீட்டுக் குழு கிடையாது, எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை உண்டு என்று மார்தட்டிக்கொண்டேன்.

மார்தட்டல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். ஒவ்வொரு மாதமும் தலைமையகம் கேட்டது ஒரே எண்: எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள்? என் பகுதிதான் முதலிடம். கூட்டத்தில் என் பெயரைச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்பதை ஆண்டு முடிவில்தான் கேட்பார்கள். அதனால் நானும் ஆண்டு முடிவில்தான் நினைத்துக்கொள்வேன்.

வாயு சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது. காலியானால் நகரத்துக்கு அனுப்பி நிரப்பி வர வேண்டும். வண்டி கிடைக்க வேண்டும். பில்லுக்கு ஒப்புதல் வர வேண்டும். அந்த நாட்களில் முகாமை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் எண்ணிக்கை விழும். நான் நிறுத்தவில்லை. பரிசோதனை இன்று, சிகிச்சை பிறகு என்று எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த ஒரு நாள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்காது. பரிசோதனையில் வெளுப்புத் தெரிந்தது. சின்ன இடம். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். சிலிண்டர் காலி.

"இன்னைக்கே பண்ணிடுங்க டாக்டரம்மா. நாளைக்குச் சூளைக்குக் கிளம்புறோம், முன்பணம் வாங்கியாச்சு" என்றார்.

தை முடிவதற்குள் அந்த ஊர்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய், மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தே, "அடுத்த வாரம் வாம்மா" என்றேன். காஸ் தீர்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். வரிசையில் இன்னும் பெண்கள் நின்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. முதல் நாள் மாலை பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிகிச்சை பெறாதவர்களுக்கு எதிரே காரணம் எழுத வேண்டும். 'வசதி இல்லை' என்று எழுதினால் பழி எனக்கு. 'மறுத்தார்' என்று எழுதினால் பழி அவருக்கு. 'மறுத்தார்' என்று எழுதச் சொன்னேன்.

செவிலியர் பேனாவை எடுக்கவில்லை. "அவங்க மறுக்கலையே மேடம். நாமதானே அனுப்பி வெச்சோம்" என்றார். அவர் அந்த ஊர்ப் பக்கத்துப் பெண். வயதில் என்னைவிடச் சிறியவர். ஒப்பந்தப் பணியாளர். "உனக்கு ரிப்போர்ட் எழுதத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. பதிவேட்டை என் பக்கம் இழுத்து நானே எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல. பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை அதே சொல். கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரலாம். நடுங்கவில்லை. முடித்துவிட்டு டீ குடித்தேன்.

அந்தச் சொல் என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் விதிப்படி, சிகிச்சை பாக்கி இருப்பவர்களின் வீட்டுக்குக் களப்பணியாளர் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மறுத்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. நான் எழுதியதோடு அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது. சூளையிலிருந்து அவர் திரும்பி வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சிலிண்டரும் எப்போதோ நிரம்பியிருந்தது. அவர் வீடு எங்கள் முகாமிலிருந்து கூப்பிடு தூரம். ஒருவரும் போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே செவிலியர் எனக்குப் போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு, அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சைக் கட்டம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் கூலிக்குப் போகாமல் கூடவே இருந்தார். பதினொன்றாம் வகுப்பு படித்த மகள், தம்பிக்குச் சோறு பொங்கிப்போட வேண்டும் என்று படிப்பை நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க ஆள் அனுப்புவீங்கன்னு இருந்தேன்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நன்றாகிவிடும் என்றேன். மருத்துவராக, அது இரண்டாவது பொய். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

இன்னொன்று இருக்கிறது. அது என்னை அதிகம் உறுத்துகிறது. எங்கள் அறிக்கை மறுத்தவர்களை எண்ணிப் பார்த்து, கிராமப் பெண்களின் அறியாமையே சிகிச்சைக்குத் தடை என்று முடிவு கட்டியது. நானே மாநாட்டு மேடையில் படம் போட்டு அதை விளக்கினேன். அடுத்த கட்ட நிதி விழிப்புணர்வு நாடகத்துக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் போனது. இரண்டாவது சிலிண்டருக்கு வரவில்லை. ஏன் வரும்? சிலிண்டர் இல்லை என்று எந்தத் தாளிலும் இல்லையே. திண்டுக்கல் ஆய்வாளர்கள், புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்ட 1,874 பெண்களில் 72 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை தர முடிந்தது என்று அச்சில் வைத்தார்கள். அந்தக் கட்டுரையை நான் பலமுறை படித்தவள். அதில் 35-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன், 72-ஐ விட்டுவிட்டேன்.

ஒப்பீட்டுக் குழு இல்லை என்று பெருமை பேசினேனே, கடைசியில் அதைவிட மோசமான ஒன்றை நானே உண்டாக்கினேன். நோயின் அறிகுறி இருக்கிறது என்று சொல்லப்பட்டு, அப்படியே திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் குழு.

ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை? பயம். பதவி உயர்வு, ஓய்வூதியம், சக மருத்துவர்களின் பேச்சு. ஓய்வு பெற்ற பிறகுதான் திருத்தம் கேட்டு எழுதினேன். அதைத் துணிச்சல் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். இழக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது எழுதினேன்.

2030-க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கில் மூன்று எண்கள் உண்டு. சிறுமிகளில் 90 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி. பெண்களில் 70 சதவீதம் பேருக்குப் பரிசோதனை. நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. முதல் இரண்டையும் எங்களைப் போன்றவர்கள் மேடைதோறும் சொல்வோம். மூன்றாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பரிசோதனை முகாம் வந்தால் வீட்டுப் பெண்களைக் கட்டாயம் அனுப்புங்கள். கைநாட்டு வைப்பதற்கு முன்னால், நோய் தெரிந்தால் இன்றைக்கே சிகிச்சை உண்டா, இல்லையென்றால் எங்கே, எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிலிண்டரில் காஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டாக்டரம்மா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.