"அம்பது வச்சுக்கிடுங்க"

கதை எழுதுகிறவனுக்கு வயது ஒரு பிரமாதமான விஷயமே அல்ல. கதாநாயகிக்கு 18, அவள் தகப்பனாருக்கு 52 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அதற்கு அத்தாட்சி எங்கே என்று எந்த வாசகரும் கேட்பதில்லை. ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வயது கண்டுபிடிக்க வேண்டும். அது எத்தனை சிரமமான காரியம் என்பதை 1991 பிப்ரவரியில் நேரிலேயே பார்த்தேன்.

என் உறவினர் ஒருவர் சிவகாசிப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இன்று விருதுநகர் மாவட்டம் என்கிறோமே, அதற்கு அப்போது காமராஜர் மாவட்டம் என்று பெயர். சர்க்கார் அவர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துத் தெருத் தெருவாக அனுப்பியிருந்தது. பொழுது போகாமல் நானும் கூடவே நடந்தேன்.

"வயசு என்ன, பெரியவரே?"

"அதை யாரு கண்டா? ஆளைப் பாத்து நீங்களே ஒரு அம்பது வச்சுக்கிடுங்க."

பெரியவருக்கு 60க்குக் குறையாது. அடுத்த வீட்டில் ஒரு அம்மாள், "நாப்பது இருக்கும்" என்றாள். அதற்கடுத்த வீட்டில் "முப்பத்தஞ்சு இருக்கும்." கத்தரிக்காய்க்கு விலை சொல்வதுபோல் எல்லாம் முழுசு முழுசாக வந்தது. வாத்தியாரின் தாளில் 40 என்னும் சத்திரத்தில் ஒரே கூட்டம். பக்கத்திலே 39-லும் 41-லும் ஈ காக்கை இல்லை.

இது நம் ஊர்க் குணம் மட்டும் அல்ல. விப்பிள் என்ற அமெரிக்கர் பெயரால் இதை அளக்க ஒரு சூத்திரமே இருக்கிறது. 23 வயது முதல் 62 வயது வரையில் உள்ளவர்களில், பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்கிற கணக்கு அது. எல்லோரும் உள்ளபடியே சொன்னால் விடை 100-ஐ ஒட்டி வரும். எல்லோருமே முழுசாகச் சொல்லிவிட்டால் 500!

ஆனால் நம் வாத்தியார் லேசில் விடுகிற ஆசாமி அல்ல. "வெள்ளைக்காரன் போனப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டுதா?" என்பார். "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுதே, அப்ப பிள்ளை பிறந்தாச்சா?" என்பார். முதலாவது 1947, இரண்டாவது 1964. எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்த கேள்வி, "காமராஜர் நம்ம விருதுநகர்லே தோத்தாரே, அந்த வருசம்?" என்பதுதான். 1967-ஐ அங்கே யாரும் மறக்கவில்லை. அப்போது பையன் பால்குடியா, பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டால் வயது தானாக வெளியே வந்துவிடும்.

ஒரு பாட்டி, "நான் தாது வருசத்துலே பிறந்தவ" என்றாள். நம் வருஷங்களோ 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருகிறவை. 1936-ல் பிறந்த தாது என்றால் பாட்டிக்கு 54. பெரும் பஞ்சம் வந்த 1876 தாது என்றால் 114! பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபடியால் 54 என்று தீர்ப்பாயிற்று.

அன்று சாயங்காலம் வரை நான் சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். தாயார் தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். மூத்த பெண் தீப்பெட்டி ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்து நின்றாள்.

"மூத்தவளுக்குப் பதினஞ்சு" என்றாள் தாயார். அன்று முழுவதும் "இருக்கும்" என்று சேர்க்காமல் வயது சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"என்னைக்குப் பிறந்தா?" என்றார் வாத்தியார்.

திண்ணையிலிருந்து கிழவி குரல் கொடுத்தாள்: "எம்.ஜி.ஆர். பட்டத்துக்கு வந்தாரே, அந்த ஆனி மாசம்."

"அத்தே, நீங்க சும்மா இருங்க."

எம்.ஜி.ஆர். முதல் மந்திரியானது 1977 ஜூன் 30. அப்படியானால் பெண்ணுக்கு 13 முடிந்து 14 நடக்கிறது. சென்சஸுக்கு முடிந்த வயதுதான் வயது. 14 நிரம்பாத பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்திருந்தது. ஆனாலும் விடியுமுன்னே கம்பெனி வண்டி கிராமத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

"தாயி, இந்தக் காயிதம் கோர்ட்டுக்குப் போகாது, ஆபீசுக்கும் போகாது. நான் வெளியிலே சொன்னா எனக்குத்தான் தண்டனை" என்றார் வாத்தியார். 1948-ஆம் வருஷத்து சென்சஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாக. பதினஞ்சுன்னே எழுதிக்கிடுங்க. இவ தம்பி படிக்கிறான்."

வாத்தியார் சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். "பதிமூணுன்னுதான் எழுதறேன், தாயி" என்று சொல்லிவிட்டே எழுதினார். அவள் பதில் பேசவில்லை. கூடு ஒட்டுவதையும் நிறுத்தவில்லை.

"அம்பது வச்சுக்கிடுங்க" என்ற பெரியவர் தம் வயதை அறியாதவர். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தத் தாயாரோ பெண்ணின் வயதை நன்றாக அறிந்திருந்தாள். அறிந்திருந்ததனால்தான் மாற்றிச் சொன்னாள். அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தேன். இந்த வயதில் இத்தனை குழந்தைகள் வேலைக்குப் போகிறார்கள் என்று சர்க்கார் தெரிந்துகொள்வது அந்தத் தாளிலிருந்துதான். வண்டி ஏறுவதற்காகச் சொன்ன இரண்டு வயது, அவளை வண்டியிலிருந்து இறக்கிவிடக்கூடிய கணக்கிலிருந்தும் அவளை நீக்கிவிடும்.

1996 டிசம்பரில் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று: சட்டத்துக்கு விரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பெரிய தீர்ப்புத்தான். ஆனால் அதை நிறைவேற்றப் போகிற அதிகாரியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பிள்ளைக்கு வயசு என்ன?" என்பதுதான்.

2021-ல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு 2027-க்குத் தள்ளிப் போயிற்று. அந்த 2027 மார்ச்சில், கிழவி சொன்னபடி அந்தப் பெண்ணுக்கு 49; தாயார் சொன்னபடி 51. கணக்கெடுக்கிறவர் வாசலில் நின்று கேட்டால் அவள் வம்பில்லாமல், "அம்பது வச்சுக்கிடுங்க" என்றுதான் சொல்லுவாள் என்று நினைக்கிறேன்.