நாடா இல்லாத ஒரு கேசட்



மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒருவனுக்கு, ஸ்போர்ட்ஸ் காரோடும் அதிலுள்ள ஸ்டீரியோவோடும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும் என் வாழ்வின் முக்கியமான பாடமொன்றை நான் எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. ஷார்ஜாவில் ஒரு கடை வாசலில், திறந்து கிடந்த கார்க் கதவருகே குனிந்து நின்றபடிதான் கற்றேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, உள்ளூரில் வேலை தேடி அலைந்து, முடிவில் நம்மூர் இளைஞர் பலரையும்போல் வளைகுடாவுக்கு விமானம் ஏறியவன் நான். கார்களுக்கான உபகரணங்களை விற்றுப் பொருத்தித் தரும் கடையில் 2006ஆம் ஆண்டு விற்பனையாளனாகச் சேர்ந்தேன். சம்பளம் சொற்பம். விற்கும் பொருளின் இலாபத்திற்கேற்பக் கமிஷன் உண்டு. தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடன் அந்தக் கமிஷனை நம்பித்தான் ஊரில் காத்திருந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐபாட் என்னும் கையடக்கக் கருவி அப்போது எங்கும் பரவியிருந்தது. ஆயிரக்கணக்கான பாடல்கள் சட்டைப் பைக்குள் அடங்கின! ஆனால் பெரும்பாலான கார்களில் இருந்த ஸ்டீரியோக்களோ அதற்கு முந்தைய காலத்தவை. கேசட் போட வழி இருக்கும். குறுந்தகடு போடவும் வழி இருக்கும். ஐபாடின் ஒயரைச் செருக ஒரு துளை மட்டும் இராது. “இதை அதில் எப்படி இணைப்பது?” என்ற கேள்வியோடு நாள்தோறும் எங்கள் கடைக்கு ஆட்கள் வந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவருடைய கார் மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989இல் அறிமுகமான முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டே இருக்கைகள்; துணியாலான மடக்குக் கூரை; சுவிட்சைப் போட்டால் உறங்கி எழுந்த கண்களைப்போல் முகப்பிலிருந்து மேலெழும் விளக்குகள். அயல்நாட்டில் வாழும் மகள், மெஹ்தி ஹசனின் கஜல்களை ஓர் ஐபாடில் நிறைத்து அவருக்கு அனுப்பியிருந்தாள்.

“வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் அல்ஐனுக்குப் போய் ஜபல் ஹஃபீத் மலைச்சாலையில் ஏறுவேன், பேட்டா. மேலே போய்ச் சேரும்வரை இதைக் கேட்க வேண்டும்” என்றார்.

அவருக்கு நான் காட்டக்கூடிய வழிகள் மூன்று. பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது ஒன்று, இலாபம் மிகுதி. காரின் பழைய முகம் மாறக்கூடாது என்று அவர் அதை மறுத்துவிட்டார். அடுத்தது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எப்.எம். டிரான்ஸ்மிட்டர், விலை 120 திர்ஹம். மூன்றாவது, கேசட் அடாப்டர். விலை 20 திர்ஹம்தான்.

கருணை கூர்ந்து கவனியுங்கள். எப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்பது ஒரு குட்டி வானொலி நிலையம். ஐபாடின் ஒலியை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லையில், காலியாக இருக்கும் ஓர் இடத்தில் ஒலிபரப்பும். காரின் வானொலி அதைப் பிடித்துத் தரும். ஆனால் அதன் சக்தி மிகமிகக் குறைவு. துபாயும் ஷார்ஜாவும் போன்ற நகரங்களில் காலியிடம் கிடைப்பதே அரிது. போதாக்குறைக்கு அந்தக் காரின் ஆன்டெனா பின்பக்கத்தில் இருந்தது, டிரான்ஸ்மிட்டரோ முன்பக்கத்தில்!

கேசட் அடாப்டரோ பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போன்றது. நாடா இல்லாத ஒரு கேசட். அதன் முனையிலிருந்து ஓர் ஒயர். சாதாரண கேசட்டில் நாடாவில் பதிந்த காந்த அலைகளை ஸ்டீரியோவின் ‘ஹெட்’ படிக்கிறது அல்லவா? இதிலோ நாடாவுக்குப் பதிலாக மற்றொரு சிறிய ஹெட் இருக்கிறது. ஐபாடிலிருந்து வரும் மின்சைகையை அது காந்த அலையாக மாற்றி, ஸ்டீரியோவின் ஹெட்டுக்கு முகத்துக்கு முகம் நின்று ஓதுகிறது. உள்ளே உள்ள பற்சக்கரங்கள் நாடா ஓடுவதுபோல் சுழன்று கொடுப்பதால் ஸ்டீரியோவும் ஏமாந்துவிடுகிறது. இடையில் வானொலி அலை இல்லை. ஆகவே அயலான் குரல் புகவும் வழியில்லை.

கேசட் போடும் வசதியுள்ள அந்தக் காருக்கு எது ஏற்றது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் 120 திர்ஹம் பொருளையே எடுத்து நீட்டினேன். “புதிய கருவி, சாஹிப்” என்றேன். அவர் நம்பி வாங்கிச் சென்றார்.

மறுவாரம் வந்தார். நகரைத் தாண்டும்வரை ஒரே இரைச்சலாம். கஜலின் நடுவே வேறொரு நிலையத்தின் விளம்பரம் புகுந்துவிட்டதாம். நான்கு முறை காரை ஓரங்கட்டி அலைவரிசையை மாற்றியும் பயனில்லையாம். அவர் சினக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, “இப்படி ஆகுமென்று உனக்குத் தெரியாதா, பேட்டா?” என்று மட்டும் கேட்டார்.

‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் நாவில் எழவில்லை. “தெரியும், சாஹிப்” என்றேன்.

பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவது கடையின் வழக்கமன்று. முதலாளியிடம் சொல்லி என் கணக்கில் எழுதிக்கொண்டு, 20 திர்ஹம் போக மீதியை அவர் கையில் கொடுத்தேன். அடாப்டரை நானே பொருத்தினேன். ஐபாடின் ஒலியை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, மற்றதை ஸ்டீரியோவின் திருகில் கூட்டிக் குறைக்குமாறு சொல்லிக் கொடுத்தேன். ஐபாடிலேயே முழு அளவு வைத்தால் ஒலி சிதையும். மிகக் குறைத்தால் இரைச்சல் மேலோங்கும். மெஹ்தி ஹசனின் குரல் அந்தச் சின்னஞ்சிறு காரை நிறைத்தது. பெரியவர் கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் அமர்ந்திருந்தார்.

முதலாளி கடிந்துகொண்டார். அம்மாதம் ஊருக்கு நான் அனுப்பிய தொகையும் குறைந்தது. வாப்பா கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். “குறைந்தது பணம்தானே” என்றார்கள். பெரியவர் அதன்பின் கடைக்கு வரவே இல்லை. பழுதாகாத பொருளை வாங்கியவர் திரும்பி வரவேண்டிய தேவைதான் என்ன!

இன்று காலம் மாறிவிட்டது. ஐபாட் விற்பனையை ஆப்பிள் 2022இல் நிறுத்திவிட்டது. புதிய கார்கள் புளூடூத் வழியாக ஒயரின்றியே கைப்பேசியோடு பேசுகின்றன. எனினும் உங்கள் வீட்டில் பழைய கார் இருந்து, அதில் கேசட் வசதியும் இருந்தால், அதைக் கழற்றி எறியுமுன் ஒருமுறை அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். ஆக்ஸ் துளை இருந்து நேரடியாக ஒயரால் இணைப்பீர்களாயின், காரிலேயே சார்ஜும் செய்யும்போது எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்கலாம். கருவி இரு வழிகளில் காரோடு எர்த் தொடர்பு கொள்வதே பெரும்பாலும் காரணம். முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால், புது ஸ்டீரியோவுக்காகக் கடைக்காரரிடம் ஓடவேண்டாம்!

அறிவு ஓர் அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கார்க் கதவு என் நினைவுக்கு வருகிறது. வாங்குபவர் அறியாததை விற்பவன் அறிந்திருக்கிறான். அந்த அறிவை அவருக்காகப் பயன்படுத்துகிறானா, அவருக்கு எதிராகப் பயன்படுத்துகிறானா? நீங்கள் துணி விற்பவராக இருக்கலாம்; மருந்து விற்பவராகவும் இருக்கலாம். “உனக்குத் தெரியாதா?” என்று ஒருநாள் ஒருவர் கேட்கும்போது நம் விடை என்னவாக இருக்கும் என்பதைப் பொருளை எடுத்து நீட்டுமுன்பே எண்ணிக்கொள்வது நல்லதல்லவா?